வாரம் இருபத்தைந்து எழுத்து

திங்கட்கிழமை நிலவுக்காரர்களுக்கு, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்காரர்களுக்கு, வியாழக்கிழமை வியாழன்காரர்களுக்கு. எழுத்துக்கடையை முதலில் திறந்துவைத்த அதிகாரி யாரோ கோள்களையும் கிழமைகளையும் இப்படிப் பொருத்திவைத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் தூத்துக்குடியில் எந்த நாளில் வரிசையில் நிற்பது என்ற குழப்பம் யாருக்கும் வந்ததில்லை. ஜெசிந்தாவுக்கு வியாழக்கிழமை. கடை எட்டு மணிக்குத் திறக்கும். அவள் ஏழரைக்கே அட்டையும் பையுமாகப் போய் நின்றுவிடுவாள்.

அன்றும் அவளுக்கு முன்னால் பிலோமியக்காதான் நின்றாள். பிலோமியக்காவின் மகளும் வியாழனின் நிலாவான யூரோப்பாவில்தான் இருந்தாள். ஜெசிந்தாவின் கணவன் இசக்கிமுத்து இருந்த, பனியைத் துளைத்து ஆராயும் துளைநிலையம் வேறு, அந்தப் பெண்ணின் நிலையம் வேறு. ஆனால் இரண்டு இடத்து எழுத்தும் ஒரே அலைத்தட்டு வழியாகத்தான் பூமிக்கு இறங்க வேண்டும்.

"போன வாரம் எம்மவ என்ன அனுப்புனான்னு நினைக்க? 'சாப்பிட்டேன் அம்மா, நலம்.' அதுக்கு முந்துன வாரம்? 'நலம் அம்மா, சாப்பிட்டேன்.'" பிலோமியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "மிச்ச எழுத்தை எல்லாம் அப்படியே வீணாக்குதா. உம்மாப்பிள்ளை எப்படி?"

"அவருக்குப் பத்தாதுக்கா."

"பத்துமா? புதிர்லா போடுதாரு. கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை ஆசையா அனுப்பாம, அஞ்சு எழுத்து விடை, நாலு எழுத்து விடைன்னு. நீயும் மண்டையை ஒடைச்சுக்கிட்டுத் திரியுத."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு மேலே கலங்கள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கி, மூன்று மாதத்தில் செயற்கைக்கோள்கள் எல்லாம் நொறுங்கிப்போயின. அந்த உலோகத் தூள்தான் இன்று உடைவளையமாகப் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் அலைகளை அது சிதறடித்துவிடும். துருவத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் இடைவெளி. அதன் வழியாக ஒரே ஒரு அலைத்தட்டு நாளுக்குப் பதினோரு நிமிடம் வானத்தோடு பேசும். அந்தப் பதினோரு நிமிடத்தில் அரசாங்கத்துக்கும் ஆய்வுக்கும் போக மிஞ்சுவதைத்தான் குடும்பங்களுக்குப் பங்கிட்டார்கள். போகிறவருக்கு வாரம் இருபத்தைந்து எழுத்து, இருக்கிறவருக்கு வாரம் இருபத்தைந்து எழுத்து. மெய்யெழுத்தும் ஓர் எழுத்துதான், எண்ணும் ஓர் எழுத்துதான். இடைவெளிக்கு மட்டும் கணக்கில்லை.

புறப்படுவதற்கு முன்பே இசக்கிமுத்து யோசித்துவைத்திருந்தான். "நலமான்னு கேட்டா நலம்னு பதில் வரும், ஜெசி. வாசிக்க ரெண்டு விநாடி ஆகும். அப்புறம் ஏழு நாள் என்ன செய்வ? ஒரு குறிப்பு அனுப்புதேன். அது வாரம் பூரா உங்கூடக் கிடக்கும்."

அவர்களுடைய கல்யாணமே ஒரு குறுக்கெழுத்தில் தொடங்கியதுதான். கோவில்பட்டிக்காரனான அவன் ஒரு வார இதழுக்குக் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தான். நேரடியாகப் பொருள் கேட்கிற புதிர் அல்ல அது. குறிப்பு ஒன்றைச் சொல்வதுபோலப் பாவனை செய்யும், விடை அதன் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும். தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண், இந்த வாரம் பதினான்காவது குறிப்பு பிசகு என்று அஞ்சலட்டை போட்டாள். அவன் ஒப்புக்கொண்டு பதில் போட்டான். அதன்பிறகு பிசகு எதுவும் இல்லாத வாரங்களிலும் அஞ்சலட்டைகள் வந்தன.

பயணத்துக்கென்று அவன் எழுபத்தெட்டு வாரத்துக்கு எழுபத்தெட்டு விடை கொண்ட பெரிய கட்டம் ஒன்றைச் செய்து முடித்து, நோட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனான். கட்டத்தை அவளுக்குக் காட்டவில்லை. ஒவ்வொரு வாரமும் ஐந்து எழுத்தைச் செலவழித்து, விடை எங்கே தொடங்கும், எந்தப் பக்கம் போகும், எத்தனை எழுத்து என்று சொல்வான். அவள் வரைபடத்தாளில் அதைக் கட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். ஆக, புதிரின் உருவமும் அவளுக்கு ஒரு புதிர்தான்.

அந்த உருவம்தான் அவளை உறுத்தியது. இதழில் இசக்கிமுத்து போட்ட கட்டங்கள் எல்லாம் சதுரமாக இருக்கும், தாளைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதே உருவம் தெரியும். அந்த ஒழுங்கு குலைந்தால் இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருப்பான். இதுவோ எட்டாவது விடையிலேயே சதுரத்தை விட்டு இடப்பக்கம் நீட்டிக்கொண்டது. பிறகு கீழே இறங்கி, ஒரு கை வளைந்து, மறு கை முளைக்காமலே போய்விட்டது. இருபதாவது வாரம் விடையோடு சேர்த்துக் கேட்டும்விட்டாள்: "கட்டம் நண்டு போல நடக்கிறது ஏன்". அடுத்த வாரம் குறிப்புக்குப் பின்னால் ஒரே ஒரு சொல் வந்தது: "நடக்கட்டும்".

எட்டு மணிக்குக் கடையின் தகடு மேலே ஏறியது. எழுத்துக்கடை வேலாயுதம் அண்ணாச்சி அட்டையை வாங்கி இயந்திரத்தில் வைத்தார். சீட்டு ஒன்று நாக்கு நீட்டுவதுபோல வெளியே வந்தது.

"இந்தா, உன் வாத்தியார் அனுப்பிட்டாரு. ஒரு எழுத்து மிச்சம் விட்டுருக்காரு பாரு. அதிசயம்."

ஐம்பத்திரண்டாவது குறிப்பு. மேலிருந்து கீழ், மூன்று எழுத்து. பாதி வலைக்குள் சிக்கிய துளி. அதற்குக் கீழே: "அங்கே மழையா".

பிலோமியக்கா எட்டிப் பார்த்தாள். "வலைக்குள்ள எங்கட்டி துளி சிக்கும்? மீனுல்லா சிக்கும்."

"அதான்க்கா பார்க்கணும்" என்றாள் ஜெசிந்தா. சீட்டைப் பையின் உள்ஜிப்பில் வைத்துக்கொண்டு, வரும் வழியில் நெத்திலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க வலையைப் பாதியாக வெட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை, துளி என்றால் ஊசியால் போடும் துளையாக இருக்குமோ என்று பார்த்தாள். அப்படி எழுத்தை மாற்றி ஏமாற்றுகிறவன் அல்ல அவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும்போது, நடுச்சாலையில், சொற்களைப் பொருள் இல்லாமல் வெறும் எழுத்துகளாக வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். பா, தி, வ, லை. முதல் எழுத்தைத் தள்ளிவிட்டால் திவலை. துளியேதான். சாலையில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். சைக்கிளில் வந்த ஒருவர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து தாளில் மூன்று எழுத்தையும் பேனாவால் எழுதினாள். அவர்களிடம் பென்சில் கிடையாது, அது ஒரு கௌரவம். அனுப்ப வேண்டிய சீட்டையும் அப்போதே எழுதி மடித்துவைத்தாள். திவலை. மழை இல்லை. வெயில். மிச்ச எழுத்துக்கு என்ன எழுதுவது என்று வியாழக்கிழமைவரை யோசிக்க நேரம் இருந்தது.

வியாழக்கிழமை வேலாயுதம் அண்ணாச்சி அட்டையை வாங்கினார். ஆனால் இயந்திரத்தில் வைக்கவில்லை. "உள்ள வாம்மா" என்றார். கடைக்கு உள்ளே என்று ஓர் இடம் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். ஒரு நாற்காலி, ஒரு மண்பானை. அவர் நீட்டிய தாள் நீளமாக இருந்தது. துளைக்குழியில் பனி சரிந்தது. நாள், நேரம். இருவர். பெயர்கள். உடலை மீட்க இயலவில்லை. ஆழ்ந்த இரங்கல். அலுவலகச் செய்திக்குப் பங்கீடு இல்லை. அங்கிருந்து அவளுக்கு வந்தவற்றிலேயே நீளமான செய்தி அதுதான்.

அவள் மடித்த சீட்டை நீட்டினாள். "அண்ணாச்சி, இதை அனுப்பிருங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். "பேரை நீக்கிட்டாங்கம்மா. இயந்திரம் எடுக்காது."

"வச்சுத்தான் பாருங்களேன்."

வைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. மூன்று முறை வைத்தார். வரிசையில் யாரும் ஏன் நேரமாகிறது என்று கேட்கவில்லை.

முப்பது நாளில் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. இருபத்தொன்பதாம் நாள் கொடுத்தாள். அன்று வாசலில் பிலோமியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் போலச் சத்தமாகப் பேசவில்லை.

"எம்மவளுக்குப் பத்து எழுத்து போதும், ஜெசி. மிச்சத்தை நீ வச்சுக்க. நான் அண்ணாச்சிட்ட சொல்லுதேன்."

"யாருக்குக்கா அனுப்ப?"

பிலோமியக்கா அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அதன்பிறகு ஜெசிந்தாவுக்கு நாட்கள் குழம்பின. வாரத்தில் ஏழு நாளும் ஒரே மாதிரி இருந்தன. மற்றவர்களுக்குத் துக்கம் எப்படியோ, அவளுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது: இன்னும் இருபத்தாறு குறிப்புகள் இருக்கின்றன. அவன் ஊரை விட்டுப் போகும் முன்பே எழுதி முடித்தவை. அவை பனிக்குள் போகவில்லை, பெட்டிக்குள் நோட்டில் இருக்கின்றன. பணி முடிந்து திரும்பும் கலம் அவனுடைய பெட்டியைக் கொண்டுவரும். அதற்கு இன்னும் பதினான்கு மாதம். வாரத்துக்கு ஒன்று என்று பிரித்தால் அந்த இருபத்தாறு குறிப்பும் அரை ஆண்டு வரும். அந்த அரை ஆண்டு இசக்கிமுத்து இருப்பான். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

காத்திருந்த காலத்தில் கட்டத்தைத் தானே முடித்துப் பார்க்கவும் முயன்றாள். அவன் போடுகிற கட்டம் எங்கோ ஒழுங்குக்குத் திரும்பித்தானே ஆகவேண்டும்? வளைந்த கைக்கு எதிரே இன்னொரு கை வரும் என்று வைத்துக்கொண்டு, தாளைத் தலைகீழாகத் திருப்பி, வெற்றுக் கட்டங்களை வரைந்தாள். பொருந்தவில்லை. முக்கோணமாக இருக்குமோ, ஏதாவது படமாக இருக்குமோ, இலங்கை வரைபடமோ என்றெல்லாம் பார்த்தாள். வீட்டில் பேச்சுக்குரல் இல்லை. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து அவள் எப்போது கண்டுபிடிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருப்பது போன்ற நினைப்பு மட்டும் இருந்தது. அந்த நினைப்பில்தான் அடுப்பு பற்றவைத்தாள், துணி துவைத்தாள். ஒரு மாலை, ரொம்பப் படுத்துகிறீர்கள் என்று தாளைப் பார்த்துச் சொல்லியும்விட்டாள்.

பதினைந்தாவது மாதம் ஒரு பிற்பகல் கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு பெண், முப்பது வயதிருக்கும். பூமியின் எடை இன்னும் பழகாமல் ஊன்றுகோலோடு நின்றாள். தோளில் துணிப்பை.

"ஜெசிந்தா அக்காங்களா? நான் கோகிலவாணிங்க. பொள்ளாச்சி. இசக்கி அண்ணன் இருந்த நிலையத்துல பம்பு பார்த்துட்டிருந்தேனுங்க. அண்ணன் பெட்டியில இருந்ததை அனுப்பி வைக்கறேன்னாங்க, நானே கொண்டுட்டுப் போறேன்னு வாங்கிட்டு வந்துட்டனுங்க."

ஜெசிந்தா அவளை உட்காரவைத்து, காப்பி போட்டுக் கொடுத்தாள். கோகிலவாணி தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். "அங்க குடிக்கறதெல்லாம் உறிஞ்சற பையிலதானுங்க. தம்ளர்னா பயமா இருக்குது" என்று சிரித்தாள். பிறகு பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். தடித்த நீல அட்டை. அவனுடையதுதான். ஓரத்தில் பேனாவைச் சொருகிச் சொருகிக் கிழிந்த இடம்கூட அப்படியே இருந்தது.

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு தன் தாளை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தாள். குறிப்புகளை மட்டும் பார்க்க வேண்டும், விடைக் கட்டம் கண்ணில் படக்கூடாது, கட்டம் உள்ள பக்கத்தை யாரையாவது விட்டு மறைக்கச் சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்கில் திட்டம் போட்டுவைத்திருந்தாள். ஆனால் நோட்டு தானாகவே முதல் பக்கத்தில் விரிந்துகொண்டது.

கட்டம் சதுரமாக இருந்தது.

நண்டு இல்லை, கை இல்லை. நான்கு மூலையும் சரியாக, கறுப்புக் கட்டங்கள் எதிரெதிரே அமைந்து, தலைகீழாகத் திருப்பினாலும் மாறாத உருவம். இது வேறு ஏதோ புதிர் என்றுதான் நினைத்தாள். அப்புறம் முதல் விடை, இரண்டாவது விடை என்று வாசித்தாள். அவள் தாளில் இருந்தவைதான். ஆறாவதுவரை அதே சொற்கள், அதே இடங்கள். ஏழாவது, மேலிருந்து கீழ், ஐந்து எழுத்து: பாய்மரம்.

அவள் தாளில் அந்த இடத்தில் நங்கூரம் என்று இருந்தது.

குறிப்பு அவளுக்கு மனப்பாடம். கடலில் கலத்துக்கு இதுவே துணை. அவள் அரை நிமிடம்கூட யோசித்ததில்லை. தோணிக்காரர் வீட்டுப் பெண் அவள். காற்று தானே வரும், தானே போகும். நங்கூரம் பிடிக்காத தோணியை நம்பி அவள் வீட்டில் யாரும் கடலேறியதில்லை. கடல் இல்லாத ஊரில் கப்பலைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த கோவில்பட்டிக்காரனுக்குத்தான் கப்பல் என்றதும் பாய் தெரியும்.

"எனக்கு இது தப்புன்னு சொல்லவே இல்லையே" என்றாள்.

"சொல்லலீங்க" என்றாள் கோகிலவாணி. "அந்த வாரம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. உங்க பதில் வந்துச்சு, அண்ணன் வாசிச்சுட்டுச் சிரியா சிரிக்கறார். என்னண்ணான்னோம். தப்பு விடை வந்திருக்குதுன்னார். தப்புன்னு மூணு எழுத்து அனுப்பறதுக்கு என்ன கேடுன்னோம். 'தோணிக்காரர் மகள்கிட்ட கப்பலப் பத்தி நான் தப்புன்னு சொல்லவா? நல்லா இருக்கே கதை'ன்னுட்டாருங்க."

"அப்போ அடுத்த குறிப்பு?"

"அதுக்குத்தானுங்க வாரம் பூரா உக்காந்தார். அந்த வாரம் மட்டும் இல்லீங்க, அப்பறம் எல்லா வாரமும். சாப்பாட்டு மேசையில கட்டத்தாளைப் பரப்பிட்டு, ஒரு சொல்லுக்கு எங்க பத்துப் பேரையும் பிச்சு எடுப்பாருங்க. 'நடுவுல இந்த எழுத்து வர்ற மாதிரி ஒண்ணு சொல்லும்மா'ம்பார். நான் மாட்டுப்பேரு எல்லாம் சொல்லியிருக்கேன்."

ஜெசிந்தா பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் அதே சதுரம் மறுபடி வரையப்பட்டு, ஏழாவது விடையில் நங்கூரம் எழுதப்பட்டிருந்தது. எட்டாவது விடை அதைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டிய இடத்தில் பத்துப் பதினைந்து சொற்கள் எழுதி அடிக்கப்பட்டிருந்தன. எதுவும் பழைய நீளத்துக்குள் அடங்கவில்லை. கடைசியில் சுரங்கப்பாதை என்று எழுதி, அது சதுரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு போன இடத்தில் பேனாவை அழுத்தி ஒரு சுழி போட்டிருந்தான். ஒழுங்கு குலைந்தால் சாப்பிடாமல் இருக்கிறவன். அதற்கடுத்த பக்கத்தில் இன்னொரு கட்டம். அதற்கடுத்ததிலும். வாரத்துக்கு ஒரு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் சதுரம் சரிந்து, கட்டம் அவள் தாளில் உள்ள உருவத்துக்கு மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.

ஐம்பத்திரண்டாவது வாரத்துப் பக்கத்தில் திவலை இருந்தது. ஐம்பத்து மூன்றாவது வாரத்துப் பக்கத்தில் கோடுகள் மட்டும் போடப்பட்டிருந்தன. அதற்குப் பின்னால் வெறும் தாள்கள். அவள் கடைசி அட்டைவரை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தனவா என்று நகத்தால் பிரித்தும் பார்த்தாள்.

இருபத்தாறு குறிப்புகள் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. அவன் முன்கூட்டியே போட்டுவைத்த பாதையில் தான் ஒவ்வோர் அடியாக நடந்துகொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். அவனோ, அவள் கால் வைத்த இடத்தைப் பார்த்து, அடுத்த அடிக்கு மட்டும் மண்ணைக் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

கோகிலவாணிக்கு அவள் முகம் பயமூட்டியிருக்க வேண்டும். அவசரமாக முதல் பக்கத்தைத் திருப்பினாள். "இந்த முதல் கட்டம் முழுசா இருக்குதுங்களே, அக்கா. எழுபத்தெட்டுக் குறிப்பும் முன் அட்டைக்கு உள்பக்கம் எழுதியிருக்கார். ஏழுக்கு மேல நீங்க ஒண்ணும் பார்த்ததில்லை. விடையை நான் காகிதம் ஒட்டி மறைச்சுத் தர்றேன். நீங்க ஒவ்வொண்ணா..."

ஜெசிந்தா அந்தக் குறிப்புகளைப் பார்த்தாள். நெருக்கி எழுதிய கையெழுத்து, எழுபத்தொரு புதுக் குறிப்புகள். கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டுக்கு வரும். ஒன்றை வாசிக்கப்போய், பாதியில் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. அது பாய்மரம்னு சொல்லுதவளுக்குப் போட்டது."

"அப்ப இந்த நோட்டை என்ன பண்ணப் போறீங்க?"

"இருக்கட்டும்" என்றாள்.

கோகிலவாணி சாயங்கால ரயிலுக்குப் போக வேண்டும். ஊன்றுகோலோடு படி இறங்க அவளுக்குச் சிரமமாக இருந்தது. ஜெசிந்தா தோளைக் கொடுத்துத் தெருமுனைவரை போய் ஆட்டோ ஏற்றிவிட்டாள். "கடிதம் போடுங்கக்கா. பூமிக்குள்ள எத்தனை எழுத்து வேணும்னாலும் எழுதலாமுங்க" என்று ஆட்டோவிலிருந்து கத்தினாள் அவள். சரி என்று ஜெசிந்தா தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது காப்பித் தம்ளர் மேசையில் இருந்தது. அதை எடுத்துக் கழுவிவைத்தாள். பிறகு சன்னல் கண்ணாடியில் நோட்டின் முதல் பக்கத்தை வைத்து, மேலே தன் தாளைப் பொருத்திப் பிடித்தாள். மேற்கு வெயில் இரண்டு தாளையும் ஊடுருவியது. முதல் ஆறு விடையும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. எட்டாவது விடையிலிருந்து எல்லாமே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, வாசிக்க முடியாத கறுப்பாகத் தெரிந்தது. ஏழாவது விடையில் மேல் மூன்று கட்டமும் அப்படித்தான். அதற்குக் கீழே இருந்த இரண்டு கட்டத்தில் மட்டும் எழுத்துகள் தெளிவாக நின்றன. இரண்டு தாளிலும் அவை ஒன்றுதான்: ர, ம்.